அண்ணாச்சி பதில்கள்: லேப்டாப்பில் என்னென்ன தொங்குது?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆர்ம் சிப் போட்ட லேப்டாப்பை வாங்கலாமா, வேண்டாமா? காரணம் ஊரறிந்ததுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது, பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள், கடைக்குப் போனால் அங்கே வழக்கமான இன்டெல்லுக்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயருமே போடவில்லை.

கேள்வி: வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். "சார், இது ஸ்னாப்டிராகன், சார்ஜ் நாள் பூரா நிக்கும்" என்றார் கடைப் பையன். ஸ்னாப்டிராகன் என் மருமகள் செல்போனில் இருப்பதாயிற்றே! செல்போன் சிப்பைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி விற்கிறார்களா? எனக்கு வேண்டியதெல்லாம் செய்தி படிக்க, பென்ஷன் விவரம் பார்க்க, பேத்தியோடு வீடியோவில் பேச, கொஞ்சம் தமிழில் எழுத, அவ்வளவே.
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: சார், குடும்பப் பெயர் ஒன்றுதான், பிள்ளை வேறு. லேப்டாப்பில் வருவது ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற வரிசை, லேப்டாப்புக்கென்றே செய்தது. குவால்காம் நிறுவனம் 2021-ல் நூவியா என்ற சின்ன கம்பெனியை விலைக்கு வாங்கியது; அதைத் தொடங்கியவர்களில் ஆப்பிளில் சிப் வடிவமைத்தவர்களும் உண்டு. அந்த வேலையிலிருந்து பிறந்தது இது. 2024 ஜூனில்தான் லேப்டாப்புகளில் கடைக்கு வந்தது.

ஆர்ம் என்பது ஒரு சிப்பின் பெயரே இல்லை. சிப்புக்குப் புரிகிற கட்டளை மொழியின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்குப் புரிவது எக்ஸ்86 என்ற மொழி. அதில் ஒரு கட்டளை ஒரு பைட்டிலும் முடியும், 15 பைட் வரைக்கும் நீளும். 64 பிட் ஆர்மில் எல்லாக் கட்டளையும் கச்சிதமாக 4 பைட். எது எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கரண்டு கம்மியாகச் செலவாக இது ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை.

செல்போன் சிப் என்று இளக்காரமாகப் பார்க்கிறார்கள், உண்மையில் இது பிறந்ததே மேசைக் கணினிக்காகத்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கம்பெனி, பிபிசி மைக்ரோ என்ற பள்ளிக்கூடக் கணினியைச் செய்தவர்கள். சாருக்கு நினைவிருக்கும், 1984-85 வாக்கில் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்த கணினிகள் அந்த பிபிசி மைக்ரோதான். அதே கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு பேர் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் வேலை செய்தது. எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டியதாம். கடைசியில் பார்த்தால் சிப்புக்குப் போகிற மின் இணைப்பையே கொடுக்கவில்லை. மற்ற கால்கள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! செல்போனுக்கு இதைத் தேடிப் போனார்கள் என்றால் சும்மாவா.

சரி, எக்ஸ்86 மொழியில் எழுதிய மென்பொருள் ஆர்மில் எப்படி ஓடும்? நம்ம தாத்தாமார் நெல்லைக் கோட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள், வியாபாரி கிலோவில்தான் கேட்பான். நடுவே ஒருத்தர் நின்று பெருக்கிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் புதுசாகப் பெருக்கினால் விடிந்துவிடும், ஒருமுறை பெருக்கியதைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்துவிட்டால் அடுத்த மூட்டைக்கு ஏறிட்டுப் பார்த்தால் போதும். அப்படி நடுவே நிற்கிற ஆளுக்கு விண்டோஸில் பிரிசம் என்று பெயர், ஆர்முக்கு மாறிவிட்ட ஆப்பிள் மேக்குகளில் ரொசெட்டா 2. இரண்டுமே எழுதி வைத்துக்கொள்கிற ஜாதி, அதனால்தான் வேகம் பரவாயில்லை.

முதல் முயற்சியில் இந்த ஆளே கிடையாது. 2012-ல் விண்டோஸ் ஆர்டி என்று ஒன்று வந்தது. பழைய மென்பொருள் ஒன்றுமே ஓடாது, மைக்ரோசாஃப்டின் இணையக் கடையிலிருந்து இறக்கும் செயலி மட்டும்தான். வாங்க ஆளில்லாமல் மைக்ரோசாஃப்ட் 2013 ஜூலையில் 90 கோடி டாலர் நட்டக் கணக்கு எழுதியது. "ஆர்மா, வேண்டாம்பா" என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தச் சூடு கண்டதால்.

உங்களுடைய நாலு வேலைக்கும் தாராளமாக வாங்கலாம். குரோம் 2024 மார்ச்சிலிருந்து ஆர்ம் விண்டோஸுக்கென்றே வருகிறது, ஆபீஸும் அப்படியே. தமிழ் எழுத, விண்டோஸோடு வரும் தமிழ் 99 விசைப்பலகையே போதும். ஆனால் ஒரு கேள்வி சார். வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா? இருந்தால் அடுத்த பதிலையும் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, நான் ஜிஎஸ்டி, வருமான வரி பார்த்துக் கொடுக்கிறேன். டேலி, எக்ஸெல், இரண்டு மூன்று கட்சிக்காரர்களின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், ஒரு பழைய லேசர் பிரிண்டர், ஒரு ஸ்கேனர். கனமில்லாத லேப்டாப்பாக வேண்டும் என்று ஆர்ம் வாங்க நினைக்கிறேன். டேலி ஓடுமா?
— வரி ஆலோசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: எல்லாரும் இதையே கேட்கிறீர்கள்: அது ஓடுமா, இது ஓடுமா? மென்பொருளைப் பற்றிக் கேட்கிற அக்கறையில் பாதியை லேப்டாப்பில் என்னென்ன தொங்குது என்று பார்ப்பதில் காட்டினால் பாதிப் பேருக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது. டேலி மாதிரி சாதாரண விண்டோஸ் மென்பொருளைப் பொதுவாக மொழிபெயர்த்து ஓட்டிவிடும். உங்கள் தலைவலி டேலியில் இல்லை. யூஎஸ்பி ஓட்டையில் செருகுகிறீர்களே, அதில்தான் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். போன வருஷம் ஆர்ம் லேப்டாப் ஒன்று வாங்கினேன். எல்லாம் பறந்தது. நானும் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் ராத்திரி, மறுநாள் காலையில் பத்திரப் பதிவுக்கு மச்சினனுக்கு நாற்பது பக்கம் வேண்டும். வீட்டில் பன்னிரண்டு வருஷத்து லேசர் பிரிண்டர், யூஎஸ்பி மட்டும்தான், வைஃபை எல்லாம் கிடையாது. அதன் டிரைவரை, அதாவது கணினிக்கும் பிரிண்டருக்கும் பேச்சு ஏற்படுத்துகிற நிரலை, இறக்கி ஓட்டினேன். நீலக் கோடு கடைசி வரை போனது, முடிந்தது என்றும் சொன்னது. பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றுமில்லை. கேபிளை மாற்றினேன், ஒன்றுமில்லை. பிரிண்டரைத் தட்டிக்கூடப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கணினி ரிப்பேர் பார்க்கிறவன், கடைசியில் காலையில் ஜெராக்ஸ் கடை திறக்கும்வரை பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மச்சினன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

நடந்தது இதுதான். மொழிபெயர்க்கிற ஆள் முற்றத்தில்தான் நிற்பான், அடுக்களைக்குள் அவனுக்கு அனுமதி இல்லை. விண்டோஸின் அடுக்களை என்பது கெர்னல் என்ற மையப் பகுதியும் அதை ஒட்டிய உள்வேலைகளும். டிரைவர் வேலை செய்வது அங்கே. அங்கே போகிற எதுவும் ஆர்ம் மொழியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு செல்லாது. என் பிரிண்டரைச் செய்த கம்பெனிக்குப் பன்னிரண்டு வருஷத்துச் சரக்குக்குப் புது டிரைவர் எழுத என்ன தலையெழுத்து?

புது பிரிண்டர்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வைஃபையில் இணைகிற, மோப்ரியா முத்திரை உள்ள பிரிண்டர் என்றால் விண்டோஸில் இருக்கிற பொது டிரைவரே போதும், கம்பெனி டிரைவரே வேண்டாம். செல்போனிலிருந்து நேராக, தனிச் செயலி ஏதும் இல்லாமல் பிரிண்ட் போகிறதா என்று பாருங்கள், போனால் லேப்டாப்பிலிருந்தும் அநேகமாகப் போகும். ஸ்கேனருக்கும் இதே நியாயம்: வைஃபையில் வரும் புதுசுகளை விண்டோஸ் 11 டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும், பழைய யூஎஸ்பி ஸ்கேனர் கம்பெனி தயவில்தான். பழைய ஆட்கள் பழகிய விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன், ஆர்ம் விண்டோஸில் வருவதே இல்லை.

அப்புறம் டோக்கன். டோக்கனைப் படிக்க ஒரு மென்பொருள், பிரவுசருக்கும் அதற்கும் நடுவே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க இன்னொரு மென்பொருள் என்று இரண்டு மூன்று கை மாறுகிற விஷயம் அது, ஒரு கை ஆர்மாக இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். தனிநபர் வியாபாரிகளுக்குக் கவலை இல்லை, ஜிஎஸ்டியில் டோக்கன் இல்லாமல் ஓடிபி வழியாகவே (ஈவிசி என்பார்கள்) தாக்கல் செய்யலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டிஎஸ்சி கட்டாயம். உங்களிடம் அப்படிக் கட்சிக்காரர்கள் இருந்தால், டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், கடை லேப்டாப்பில் செருகி, டோக்கன் மென்பொருளை ஏற்றி, கையெழுத்து விழுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். "எல்லாம் ஓடும் சார்" என்கிற பையன் தாக்கல் நெருக்கடியில், பதினெட்டாம் தேதி, உங்கள் அலுவலகத்துக்கு வந்து உதவப் போவதில்லை. கடைக்காரர் செருக விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

என் யோசனை கேட்டால், தாக்கல் வேலைக்கு இப்போதிருக்கும் மேசைக் கணினியை வைத்துக்கொண்டு, கையோடு கொண்டுபோக ஆர்ம் வாங்குங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இன்டெல்லோ ஏஎம்டியோ வாங்குங்கள்.

கேள்வி: மார்க்கெட்டில் கமிஷன் கடை. எடை மெஷினிலிருந்து எடை நேராக பில்லுக்கு வரும், பில் பிரிண்டர் ஒன்று, பார்கோடு ஸ்கேனர் ஒன்று. ஆர்ம் சரிப்படுமா?
— பாவூர்சத்திரம்

பதில்: பார்கோடு ஸ்கேனர் பிரச்சனையில்லை, கணினிக்கு அது ஒரு கீபோர்டு மாதிரிதான், தானே எண்ணைத் தட்டிவிடும். எடை மெஷினில் வருவது பழைய சீரியல் கேபிள், அதை யூஎஸ்பியாக மாற்ற ஒரு குட்டி ஒயர் போட்டிருப்பீர்கள். அந்தக் குட்டி ஒயருக்குள் ஒரு சிப் இருக்கிறது, அதற்கும் ஆர்ம் டிரைவர் வேண்டும். பில் பிரிண்டருக்கும் வேண்டும். விடியக்காலையில் தக்காளி லோடு இறங்கி ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ஒயர் ஆராய்ச்சி செய்ய முடியாது அண்ணாச்சி. கடைக்கு வேண்டாம்.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். மகளுக்கு இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்திருக்கிறது, மெக்கானிக்கல். சீட்டுப் பணம் எடுத்து லேப்டாப் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி மேக்புக் வாங்குங்க, பத்து வருஷம் உழைக்கும் என்கிறான். விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வாங்கலாமா?
— முக்கூடல்

பதில்: வேண்டாம் அக்கா. அந்தத் தம்பி சொல்வது பொய்யில்லை, மேக்புக் நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் மகள் படிக்கப் போகிற படிப்புக்கு அது பொருந்தாது. மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸ் என்று ஒரு வரைபட மென்பொருள் உண்டு, அதற்கு மேக் பதிப்பே கிடையாது, ஆர்ம் விண்டோஸையும் அது ஆதரிப்பதில்லை. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு இருக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் வாத்தியார் காட்டுவது விண்டோஸ் பதிப்பு, மெனு எல்லாம் இடம் மாறியிருக்கும், பிள்ளை முதல் வருஷமே குழம்பும். புராஜெக்டுக்கு ஆர்டினோ மாதிரி சின்ன போர்டுகளைச் செருகுவார்கள், மலிவான போர்டுகளில் உள்ள யூஎஸ்பி சிப்புக்கு மறுபடி அதே டிரைவர் கதை. கூடப் படிக்கும் எல்லாரும் "இந்த ஃபைலை ஓட்டு" என்று அனுப்ப, இவள் மட்டும் "எனக்கு ஓடலை" என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

இன்டெல் ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இதைக் கடையில் எழுதிக் காட்டுங்கள். ரேம் கூட்டிக்கொள்ள வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் இப்போது 8 ஜிபியோடு வாங்கிவிட்டு அடுத்த தீபாவளிக்கு இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். மேக்கில் அந்த வசதி இல்லை, இப்போது வரும் ஆர்ம் விண்டோஸ் லேப்டாப்புகளிலும் ரேம் போர்டோடு ஒட்டித்தான் வருகிறது. வாங்கும் அன்றே முழுப் பணம்.

வாங்குமுன் கல்லூரியில் ஒரு வார்த்தை விசாரியுங்கள் அக்கா. அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் 2011-ல் தொடங்கியது, நடுவில் நின்றும் போயிருந்தது. மகளுக்குக் கிடைக்குமா, எந்த வருஷம் என்று தெரிந்தால் சீட்டை அவசரப்பட்டுத் தள்ளி எடுக்க வேண்டியிருக்காது. இன்னொன்று, சுற்றும் இடத்தில் வைத்து லேப்டாப்பை ஓட்ட வேண்டாம். உங்கள் பக்கத்திலிருந்து என் கடைக்கு வரும் லேப்டாப்புகளைத் திறந்தால் காத்தாடிக்குள் புகையிலைத் தூள் அடை அடையாக இருக்கும், வாடையிலேயே ஊரைச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: ஆர்ம் லேப்டாப்பில் வேலரண்ட் கேம் ஓடுமா?
— பிளஸ் டூ மாணவன், மேலப்பாளையம்

பதில்: ஓடாது தம்பி. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அது போடும் காவல் நிரல் அடுக்களைக்குள் போகிற வகை. பரீட்சை எப்போ?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, அப்புறம் அந்தக் காலத்தில் வாங்கிய ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அதற்கு ஒரு பூட்டு டாங்கிள் (அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும்). மாறினால் என்ன ஆகும்?
— கல்லிடைக்குறிச்சி

பதில்: எழுத்துருவுக்கு ஒன்றும் ஆகாது. பாமினியோ வானவில்லோ எதுவானாலும் எழுத்துரு வெறும் படம் மாதிரி, சிப் எதுவென்று அதற்குத் தெரியாது. பாமினியில் தட்டுவதற்குத் தனி மென்பொருளே வேண்டாம், ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

சிக்கல் அந்தத் தட்டச்சு மென்பொருளில். விசைப்பலகைக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே உட்கார்ந்து எழுத்தை மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்கள் ஆர்ம் விண்டோஸுக்கென்று எழுதப்படாவிட்டால் வேலை செய்யாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஒரு செயலி முழுக்க ஆர்ம் மொழியில் ஓடும்போது எக்ஸ்86 மொழியில் இருக்கிற உங்கள் மென்பொருள் அதற்குள் நுழைய முடியாது. தமிழ் எழுதுகிற நமக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய விஷயம், ஆனால் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை, இங்கிலீஷில் மட்டும் தட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் வராதே! டாங்கிளுக்கு டிரைவர் வேண்டும், அதைச் செய்தவர் இன்று தொழிலிலேயே இருக்கிறாரா என்பது முதல் கேள்வி. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதற்கு முன்னால் வந்த சில மென்பொருள்களின் நிறுவல் கோப்பு 16 பிட் வகை, அது ஆர்ம் மட்டுமில்லை, எந்த 64 பிட் விண்டோஸிலும் ஏறாது.

இருக்கிற கணினியை அலுங்காமல் வைத்திருங்கள். எப்படியும் யூனிகோடுக்கு மாற வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. தமிழ் 99 விசைப்பலகை 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது, இத்தனை வருஷம் கழித்தும் பத்திரிகை அச்சடிப்பவர்கள் பாமினியை விடவில்லை என்றால் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கொண்டுவந்து கொடுக்கிறவர் பழைய பத்திரிகையின் ஃபைலைக் கொடுத்து "பேரை மட்டும் மாத்துங்க" என்றால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலையில் கரண்டு போனால் சாயங்காலம்தான் வரும். வெயிலும் காற்றும் தூசியும் கேட்கவே வேண்டாம். நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன்.
— வள்ளியூர்

பதில்: உங்களுக்குத்தான் இது அளவெடுத்துத் தைத்த சட்டை. எழுத்து வேலை, பிரவுசர் என்று இருந்தால் நல்ல ஆர்ம் லேப்டாப் ஒன்பது மணிக்குப் போன கரண்டு ஐந்து மணிக்கு வரும்வரை தாங்கும். ஆப்பிளின் எம்1 என்ற ஆர்ம் சிப் போட்ட மேக்புக் ஏரில் இணையம் பார்த்தால் 15 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி வைத்து வேலை பார்ப்போம், அதனால் கம்பெனி கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு நமக்கு என்று நான் எடுத்துக்கொள்வேன், அப்படிப் பார்த்தாலும் பத்து மணி நேரம். மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் சார்ஜ் குறைந்ததே தெரியாது, திறந்ததும் விட்ட இடத்தில் நிற்கும். இன்வெர்ட்டரில் போட்டாலும் பாரமில்லை. எம்1 ஏரோடு வந்தது 30 வாட் சார்ஜர், தலைக்கு மேல் சுற்றுகிற பழைய சீலிங் ஃபேனே 75 வாட் இழுக்கும்.

தூசிக்கு, மேக்புக் ஏரில் காத்தாடியே கிடையாது, இழுக்க ஆளில்லாததால் உள்ளே போகவும் வழியில்லை. ஸ்னாப்டிராகன் லேப்டாப்புகளில் பெரும்பாலும் காத்தாடி உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆடிக்காற்றில் ராதாபுரம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் கோலம் போடலாம், அதனால் இது சின்ன விஷயமில்லை. காத்தாடி இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. ஏருக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப அளவு 35 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில் நம்ம ஊர் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கெட்டுப்போகாது, ஆனால் சூடு ஏற ஏறத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மொழிபெயர்ப்புக்கு அது தெரியவே தெரியாது. வீடியோ எடிட்டிங் என்றால் தெரியும்.

கேள்வி: இன்டெல்லிலேயே இப்போது நாள் பூரா சார்ஜ் நிற்கிற மாதிரி வந்துவிட்டதாமே, பிறகு எதற்கு ஆர்ம்?
— தென்காசி

பதில்: நல்லாக் கேட்டீர்கள். 2024 செப்டம்பரில் இன்டெல் கோர் அல்ட்ரா 200வி என்று ஒரு வரிசை வந்தது, லூனார் லேக் என்பார்கள். ஆர்ம் லேப்டாப்புகளோடு சார்ஜில் போட்டி போடும், பழைய டிரைவர் எல்லாம் அப்படியே ஏறும். ரேம் இதிலும் ஒட்டித்தான் வரும். விலை கூடத்தான். கைக்கு எட்டினால், என்னை மாதிரி பிரிண்டர் முன்னால் நின்று விழிக்க மனமில்லாதவர்கள் அதையே வாங்கிவிடலாம். ஆர்ம் வந்து உதைத்திராவிட்டால் இன்டெல் இப்படி எழுந்து ஓடியிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறேன். ஊரில் அப்பாவுக்குப் பழைய எம்1 மேக்புக் ஏர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, 8 ஜிபி. 2020 மாடல். வாங்கி அனுப்பலாமா?
— சேரன்மகாதேவி, இப்போது பெங்களூரு

பதில்: அப்பா என்ன செய்வார் என்று எழுதவில்லையே தம்பி. படம் பார்க்க, கோயில் கும்பாபிஷேகம் யூடியூபில் பார்க்க, உன்னோடு பேச என்றால் இன்றைக்கும் எம்1 தங்கம்தான், 8 ஜிபியும் அதற்குப் போதும். ஆப்பிள் 2024 அக்டோபரில் ஏரின் ஆரம்ப மாடலையே 16 ஜிபியாக்கிவிட்டது, அதனால் பத்து வருஷக் கணக்கு போட்டு 8 ஜிபியை வாங்காதே, நாலைந்து வருஷம் என்று போடு.

பழசு வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். பேட்டரி சுற்று எண்ணிக்கை எத்தனை என்று சிஸ்டம் ரிப்போர்ட்டில் பார், 1000 சுற்றுக்குத்தான் கணக்கு, 700-ஐத் தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேள். விற்கிறவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வந்து முழுக்க அழித்துக் காட்ட வேண்டும், உன் கண் முன்னால். அழித்த பிறகு வைஃபையில் இணைத்து, இது ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று வருகிறதா பார். பெங்களூரில் சந்தைக்கு வருகிற மலிவு மேக்புக்குகளில் கம்பெனி கணக்கில் சேர்த்த பெட்டிகளும் உண்டு, என்றைக்கு வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும்.

அப்பா ஏதாவது விண்டோஸ் மென்பொருள் வைத்திருந்தால் மேக்கில் பேரலல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதற்குள் ஆர்ம் விண்டோஸ் ஓட்டலாம், 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டது, ஆனால் 8 ஜிபியில் அதைச் செய்தால் இரண்டும் இழுத்துக்கொண்டு நிற்கும். பழைய இன்டெல் மேக் செயலிகளை ஓட்டும் ரொசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரைக்கும்தான் முழுசாக இருக்கும், அப்புறம் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. அப்பாவுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். பத்தமடைப் பாய் மாதிரி, எடுத்து விரித்தால் போதும், வேறு வேலை இல்லை என்கிற ஆளுக்குத்தான் மேக். அந்த வகை அப்பா என்றால் அனுப்பு.

கேள்வி: வீட்டில் இருப்பது ஆர்மா இன்டெல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஆலங்குளம்

பதில்: விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். சிஸ்டம் டைப் என்ற வரியில் ஆர்ம் என்று எழுதியிருக்கும். மேக்கில் ஆப்பிள் குறியைத் தட்டி அபவுட் திஸ் மேக். எம் எழுத்தில் தொடங்கும் சிப் என்றால் ஆர்ம். செல்போன் என்றால் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே அண்ணாச்சி, நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?
— அம்பாசமுத்திரம்

பதில்: இந்தப் பத்தியை எழுதுவது அந்த ஆர்ம் லேப்டாப்பில்தான். எழுதி முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி, மூலையில் இருக்கிற பழைய இன்டெல் பெட்டிக்கு அனுப்பி, அதிலிருந்துதான் பிரிண்ட் எடுக்கிறேன், அந்தப் பன்னிரண்டு வருஷத்து லேசர் பிரிண்டரில்தான். விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். வீட்டுப் பூனை ஐப்பசி மழையில் அந்தப் பெட்டி மேல்தான் படுக்கும், கதகதவென்று இருக்கும் போல. ஆர்ம் லேப்டாப் பக்கம் அது இதுவரை வந்ததே இல்லை.